ஓரகத்தியும் கடற்பாசியும்

தை மாதம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். என் ஓரகத்தியும் வந்திருந்தாள்.

அப்புறம் அது எப்படி வெறும் காதுகுத்தாக முடியும்?

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செஞ்சி கடைவீதியில் எங்கள் மாமனார் நடத்திய புண்ணாக்குக் கடை, அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி இருவருக்கும் பாகமானது. தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், அதே கடையில் அதே கடலைப் புண்ணாக்கையும் வேப்பம் புண்ணாக்கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் எதிர்ச்சாரியில் உரக்கடை போட்டார். சர்க்கரை மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்குமே, அமோனியா உரம்... எங்கள் பக்கத்து விவசாயிகள் அதை உப்பு உரம் என்கிறார்கள். என் மூத்தாரான அந்த அண்ணனின் மனைவி ராஜேஸ்வரிதான் என் ஓரகத்தி.

உப்பு உரம் விற்ற வேகத்தில் அவள் வீட்டில் ஃபேன் சுற்றியது. ஃபேனுக்குப் பின்னால் பிரஷர் குக்கர் வந்தது. குக்கருக்குப் பின்னால் டிரான்சிஸ்டர் வந்தது. வரட்டும். அந்த டிரான்சிஸ்டரை அவள் வீட்டுக்குள் வைத்துக் கேட்டால் எனக்கென்ன? கடை வாசலில், சரியாக என் பக்கம் திருப்பி வைத்துக் கேட்கிறாள்!

பொறாமையா என்று கேட்கிறீர்கள். ஆமாம், பொறாமைதான். அதை மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது? சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருகிற விவசாயி, எங்கள் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, எங்கள் கடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, எதிர்ச்சாரிக்குப் போய் மூட்டை வாங்குகிறான். இதைத் தினமும் பார்த்துக்கொண்டு சாந்தசொரூபியாக இருக்க நான் என்ன கோயில் சிலையா?

சரி, காதுகுத்துக்கு வருகிறேன்.

என் நாத்தனார் கமலா, அதாவது இந்த அண்ணன் தம்பிகளின் ஒரே தங்கை, வாழ்க்கைப்பட்ட இடம் பாண்டிச்சேரிக்குத் தெற்கே. ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். அவள் வீட்டுக்காரர் சண்முகம் அங்கே வலைநூல் கடை வைத்திருக்கிறார். அந்த ஆறு வேறெதுவும் இல்லை, எங்கள் செஞ்சியாறுதான். எங்கள் பக்கத்தில் கணுக்கால் நனைய ஓடுவது, அங்கே போய்ச் சங்கராபரணி என்று பெரிய பெயர் வைத்துக்கொண்டு அகலமாகக் கால் நீட்டிக் கிடக்கிறது. பாகம் பிரிந்து போனதும் பெருத்துவிடுகிற ஆள்கள் உண்டே, அது மாதிரி.

கமலாவின் பையனுக்குக் காதுகுத்து. திண்டிவனம் போய் பஸ் மாறி, பாண்டிச்சேரியில் இன்னொரு பஸ் மாறி நாங்கள் இறங்கினோம். மூத்தார் குடும்பம் உர லாரியின் முன் சீட்டில் சொகுசாக முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"வாங்க பெரிய அண்ணி, வாங்க சின்ன அண்ணி" என்றாள் கமலா. வரவேற்பிலும் வரிசை பாருங்கள்.

ஆனால் அவள் முகத்தில் விசேஷ வீட்டுக் களை இல்லை. காற்றில் ஒரு நாற்றம் வேறு. கூமுட்டையை உடைத்து வெயிலில் வைத்தால் வருமே, அது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மரியாதைக்கு நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு காப்பி குடித்தோம்.

மூத்தார்தான் பொறுக்க முடியாமல் கேட்டார். "இன்னா மாப்ள, இன்னா நாத்தம் இது?"

"வாங்க மச்சான், காட்டுறேன்" என்று சண்முகம் எங்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்.

நான் கடலை நிறையப் பார்த்தவள் இல்லை. பார்த்தவரை அது நீலமாக இருந்தது, அல்லது மழை நாளில் சாம்பலாக இருந்தது. அன்றைக்குக் கழிமுகம் முழுக்கப் பச்சை. தண்ணீர் என்று சொல்லவே முடியாது. கிழிந்த வாழையிலைகளையும் சீவாத தலைமுடியையும் சேர்த்து அரைத்து ஊற்றின மாதிரி பாசி, கரைக்குக் கரை அடைத்துக்கொண்டு கிடந்தது. மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் கடலோரத்திலும் அலை கொண்டுவந்து தள்ளிய பாசி இடுப்பளவுக்குக் குவிந்து, மேலே வெளுத்து, அடியில் கறுத்து அழுகிக்கொண்டிருந்தது. படகுகளைக் கரையிலேயே கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி வலையிலிருந்து பாசியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பிய்க்கப் பிய்க்க வந்துகொண்டே இருந்தது. அவள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வலையைப் போட்டா மீனு வர்ல மச்சான். இதுதான் வருது" என்றார் சண்முகம். "காலைல வந்து பார்த்தீங்கன்னா இருக்கிற மீனும் செத்து மிதக்கும். தண்ணிக்குள்ள அதுங்களுக்கு மூச்சு முட்டுது போல. தொழிலுக்குப் போனாதானே நூலு அறுவும்? நூலு அறுந்தாதானே என் கடைக்கு வருவாங்க?"

"எப்புடி வந்துச்சி இவ்ளோ?"

"எப்பவும் கொஞ்சம் வரும், போயிடும். இந்த வாட்டி போவல. ஆத்து வாய மணல் மூடிக்கிச்சி. கடல் தண்ணி உள்ள வர்ல, ஆத்துத் தண்ணி வெளிய போவல. குட்டை மாதிரி நிக்குது. மேல வெயிலு கொளுத்துது. டவுன் சாக்கடை வேற இதுலதான் வந்து விழுது. ஐப்பசி கார்த்திகை வெள்ளத்துல மேற்கத்தி வயல்ல போட்ட எருவெல்லாம் அடிச்சிக்கினு வந்து அடியில தங்கிடுச்சி. அத்தையெல்லாம் தின்னுட்டுதான் இது இப்படிக் கொழுத்துக் கெடக்குது."

மணல், வெயில், சாக்கடை, எரு என்று மனிதர் ஒன்று விடாமல் சொன்னார். என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

எரு!

மேற்கத்தி வயல் என்றால் எந்த வயல்? எங்கள் செஞ்சி வயல். அந்த வயலில் இப்போது எல்லோரும் கொட்டுவது எது? வெள்ளை வெளேரென்று, தண்ணீரில் போட்டால் நொடியில் கரைகிற உப்பு உரம். அது யார் கடைச் சரக்கு?

அந்த நாற்றத்தின் நடுவிலும் எனக்கு மல்லிகை வாசனை அடித்தது, சத்தியமாக.

பந்தியில் பாதி இலைக்கு ஆள் இல்லை. குப்பத்தில் அழைத்திருந்த வீடுகளிலிருந்து கிழவிகளும் குழந்தைகளும்தான் வந்திருந்தார்கள். மொய் வைக்கக் கையில் ஒன்றும் இல்லாதபோது பெரியவர்கள் எப்படி வருவார்கள்? கமலா ஒவ்வொரு முறை வாசலைப் பார்த்தபோதும் அவள் கண் கலங்கியது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் என் மனசு வேறு கணக்கில் இருந்தது. பாயசம் பரிமாறும் நேரம் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"பாவம், கடலு இன்னா பண்ணும்? எங்க ஊர்ல வெள்ள வெள்ளையா ஒண்ணு விக்கிறாங்க. அது கரைஞ்சி இங்கதானே வந்து சேருது?"

ராஜேஸ்வரியின் கை பாதி வழியில் நின்றது. "யாரைச் சொல்ற?"

"யாரையும் சொல்லல அக்கா. உரத்தைச் சொல்றேன்."

"உரம்னா நாங்கதானே?"

"நான் பேரு சொல்லலியே..."

"ஒன் புண்ணாக்கும் அதே வயல்லதான் போடுறான். அது மட்டும் இன்னா, ஆகாசத்துக்கா போவுது?"

"புண்ணாக்கு மாடு திங்கிற பண்டம் அக்கா! மாடு தின்னு பால் கறக்குது. ஒங்க உரத்த மாட்டுக்கு வையுங்களேன் பாக்கலாம்."

பந்தியில் யாரோ சிரித்தார்கள். போதாதா? எனக்கு அதுவே சக்கரைப் பொங்கல். என் வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னாலிருந்து 'வேண்டாம், வேண்டாம்' என்று கண்ணால் கெஞ்சினார். யார் பார்த்தது?

ராஜேஸ்வரி இலையை மூடிவிட்டு எழுந்தாள். கை கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "நாக்கு நீளமா இருந்தா போதாது தங்கச்சி. கண்ணுல காட்டு. எங்க உரத்தாலதான் இந்தப் பாசின்னு நாலு பேரு பாக்க நீ காட்டிட்டா, அவரைக் கடையை மூடச் சொல்றேன். காட்டலன்னா நீ வாயை மூடு."

"சரி அக்கா" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எப்படிக் காட்டுவது? பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுக்க அதே யோசனை. திண்டிவனம் தாண்டியபோது வழி கிடைத்துவிட்டது. பாசி வளர்வதற்குக் கடல் எதற்கு? ஒரு பாட்டில் தண்ணீரும் வெயிலும் போதாதா?

மறுநாளே ஆளை அனுப்பிச் செஞ்சியாற்று மடுவில் தேங்கிக் கிடந்த தண்ணீரைக் குடத்தில் எடுத்து வரச் சொன்னேன். ஒரே அளவில் இரண்டு கண்ணாடி பாட்டில்களைக் கழுவி எடுத்தேன். ஒன்றில் வெறும் ஆற்றுத் தண்ணீர். இன்னொன்றில் அதே தண்ணீரோடு ஒரு கரண்டி உப்பு உரம். எங்கே வைப்பது? எங்கள் கடையில் வைத்தால் நான் ஏதோ தில்லுமுல்லு செய்தேன் என்பாள். அவள் கடையில் வைத்தால் அவள் செய்வாள். இரண்டு கடைக்கும் பொதுவாகத் தெருமுனையில் கோபாலின் டீக்கடை இருக்கிறது. வெயில் நேராக அடிக்கிற பலகை. கோபால் எந்தக் கட்சியும் இல்லாதவன். இரண்டு கடையிலும் டீக்கு ஆர்டர் வருவதால் கட்சி சேர அவனுக்கு வசதிப்படாது.

பாட்டில்களைப் பலகையில் வைக்கும்போது ராஜேஸ்வரி தெருவைக் கடந்து வந்தாள். கையில் மூன்றாவது பாட்டில்.

"நியாயம்னா நியாயம். இதுலயும் அதே தண்ணிய ஊத்து. ஒன் கடைப் புண்ணாக்கும் ஒரு கரண்டி போடு."

"போடுறேனே! எனக்கின்னா பயம்?" என்று நானே கை நிறையத் தூளாக்கி, நானே அளந்து, நானே போட்டேன். கோபால் சாட்சி. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சாட்சி.

அதற்கப்புறம் கடைவீதியில் வேறு பேச்சே இல்லை. விவசாயிகள் சைக்கிளை நிறுத்திப் பாட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் போனார்கள். மேல்சித்தாமூரிலிருந்து வியாபாரத்துக்கு வருகிற ஒரு பெரியவர் தினமும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டுப் போவார். நான் காலையில் கோலம் போட்ட கையோடு ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, விளக்கு வைக்கும் முன் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அவளும் வந்தாள். நான் போகும்போது அவள் வரமாட்டாள், அவள் வரும்போது நான் போகமாட்டேன்.

முதலில் நிறம் மாறியது எது தெரியுமா? உப்பு உரப் பாட்டில்! லேசாக, வெள்ளரிக்காய்த் தோல் மாதிரி ஒரு பச்சை. என் புண்ணாக்குப் பாட்டிலோ அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் கலங்கி, கொஞ்சம் நாறிக்கொண்டு, பாசியே இல்லாமல் இருந்தது. நாறினால் என்ன? பச்சை இல்லையே! அன்றைக்கு டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் என் செலவில் டீ கொடுக்கச் சொன்னேன். எதிர்ச்சாரியில் டிரான்சிஸ்டர் அன்று பாடவில்லை. அந்த நிசப்தம் இருக்கிறதே... அதைவிட இனிமையான சங்கீதம் நான் கேட்டதில்லை.

ஆனால் பாசி என்பது அவசரப்படாத ஜென்மம் போலிருக்கிறது.

சில நாள் கழித்துப் புண்ணாக்குப் பாட்டிலின் கலங்கல் மெல்லத் தெளிய ஆரம்பித்தது. ஓரத்தில் ஒரு பச்சை வளையம். மறுநாள் வளையம் தடித்தது. அப்புறம் அது வளையமாகவே இல்லை. புளிச்சக்கீரையை மசித்து நிரப்பின மாதிரி, பாட்டிலுக்கு அந்தப் பக்கம் தெரியாத அளவுக்குக் கெட்டிப் பச்சை. பக்கத்தில் வெறும் தண்ணீர்ப் பாட்டில் மாறாமலும், உப்பு உரப் பாட்டில் சாதுவாக வெள்ளரிக்காய் நிறத்திலும் நின்றுகொண்டிருந்தன.

என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. கோபாலை விசாரித்தேன். "ராத்திரி யாராவது எதையாவது போட்டாங்களா?"

"இன்னா சின்னம்மா நீங்க... பாட்டிலை உள்ள வச்சிப் பூட்டிட்டுதானே போறேன்!"

எங்கள் ஊர் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார் ஒருவர் அங்கேதான் டீ குடிப்பார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல அதிசயப்பட ஒண்ணுமில்லைங்க. உப்பு உரத்துல ஒரு சத்துதான் இருக்குது. புண்ணாக்குல எல்லாச் சத்தும் இருக்குது. வெறும் சோறு போட்ட இலை, முழுச் சாப்பாடு போட்ட இலை... எந்த இலைக்குக் கூட்டம் வரும்? அமோனியாவுக்கும் பாசி வளரும்தான். ஒங்க புண்ணாக்கு அதுக்குக் கல்யாணச் சாப்பாடு!"

கல்யாணச் சாப்பாடாம். அந்த வார்த்தையை ஊரே பிடித்துக்கொண்டது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள், 'ஒரு மூட்டை கல்யாணச் சாப்பாடு குடுங்க' என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் அதற்கும் சிரித்துக்கொண்டே எடை போட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எதிர்ச்சாரியில் டிரான்சிஸ்டர் மறுபடியும் பாடியது. முன்னைவிடச் சத்தமாக.

இந்த நேரத்தில் மாசி அமாவாசை வந்தது.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு மாசி அமாவாசையில் எவ்வளவு கூட்டம் வரும் என்று இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். ஸ்பெஷல் பஸ் எல்லாம் செஞ்சியில் நின்றுதான் போகும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகக் கமலா இறங்கினாள். கையில் வேண்டுதலுக்கு எலுமிச்சம்பழ மாலை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

டீக்கடை முன்னால் ஒரே கும்பல். நடுவில் ராஜேஸ்வரி, பாட்டிலைக் காட்டி வெளியூர்க்காரர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் இந்தப் பக்கம் நின்று, 'ஒங்க பாட்டிலும் பச்சைதானே அக்கா, இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்' என்று விடாமல் மல்லுக்கு நிற்கிறேன்.

கமலா கும்பலை விலக்கிக்கொண்டு வந்தாள். "இன்னா அண்ணி இது?"

கோபால்தான் சொன்னான். எந்தப் பாட்டில் யாருடையது, எதற்காகப் பந்தயம், எல்லாவற்றையும். கமலா மூன்று பாட்டிலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அங்க அடுப்பு பத்தாத வூடு இருக்குது அண்ணி. கொழந்தைங்க ஒடம்பெல்லாம் சொறி. எங்க வூட்டுக்காரரு கடையைத் தொறந்து வச்சிக்கினு சும்மா ரோட்டைப் பாத்துனு ஒக்காந்திருக்காரு. நீங்க ரெண்டு பேரும் இங்க, யாரு பாட்டிலு ஜாஸ்தி பச்சைன்னு..."

ராஜேஸ்வரி, "இல்ல கமலா, இவதான் மொதல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"யாரு பண்ணாங்கன்னு நான் கேக்கவே இல்லியே பெரிய அண்ணி! காதுகுத்து அன்னிக்குக் கூடக் கேக்கல. யாராவது வருவீங்களான்னுதான் பாத்துனு இருந்தேன். அம்மாவா, நைனாவா, யாரு இருக்காங்க எனக்கு? இப்ப அம்மன்கிட்ட கேக்கப் போறேன்."

எலுமிச்சம்பழ மாலையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கூட்டம் கலைந்தது. கோபால் பாட்டில்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். யாரும் அவனை வைக்கச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனார். பாகம் பிரிந்த பிறகு முதல் தடவை. அண்ணனும் தம்பியும் உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்து, "காலைல லாரி கெளம்புது. மம்மட்டி, கூடை எல்லாம் எடுத்து வையி" என்றார். அவ்வளவுதான்.

காலையில் லாரியின் பின்னால் மண் வேலைக்கு ஆள்களும் மம்மட்டிகளும், எங்கள் கடைப் புண்ணாக்குக் கூடைகளும். முன் சீட்டில் டிரைவரை அடுத்து நானும் ராஜேஸ்வரியும். ஆமாம், ஒட்டி ஒட்டி. செஞ்சியிலிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வளைவு வரும்போது மட்டும் அவள் என்மேல் சாய்வாள், அடுத்த வளைவில் நான் அவள்மேல் சாய்வேன். அந்த சீட்டின் மெத்தை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது தெரியுமா... இதில்தான் காதுகுத்துக்கு வந்திருக்கிறாள்!

லாரியைப் பார்த்துக் குப்பத்துத் தலைவர் ஓடி வந்தார். "அமாவாசை ஒட்டிக் கடலு நல்லா ஏறும். அது ஏறுற நேரத்துல வாயை வெட்டி வுட்டா, உள்ள இழுத்துக்கும். ஆளு பத்தாமதான் வுட்டு வச்சிருந்தோம்" என்றார். பட்டினியில் கிடக்கிறவனுக்கு மம்மட்டி தூக்க எங்கே தெம்பு இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அது தெரிந்தது.

ஆண்கள் மணல் மேட்டை வெட்டினார்கள். மூத்தாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டினார். என் வீட்டுக்காரரும் வெட்டினார். சண்முகம் எல்லோருக்கும் முன்னால் நின்று வெட்டினார். ராத்திரி பஸ்ஸிலேயே கோயிலிலிருந்து திரும்பியிருந்த கமலாவும் சேர, பெண்கள் பாசியை வாரிக் கூடையில் கரையேற்றினோம். வழவழவென்று கையை விட்டு நழுவும் அது. காலுக்கடியில் சேறு 'புளக்' என்று வாய் திறக்கும். நாற்றத்துக்கு மூக்கு பழகிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் பழகவில்லை. ராஜேஸ்வரி என்னைவிடப் பெரிய கூடையாகத் தூக்கினாள். பார்த்தேன். நானும் கூடையை மாற்றினேன். அவள் கும்பாரமாக வைத்தாள். நான் அதற்குமேல் வைத்தேன். பாசி வடிந்து முகமெல்லாம் வழிய, குப்பத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

"செஞ்சிக்காரங்க நல்ல வேலைக்காரங்க" என்றாள் அன்றைக்கு வலை பிய்த்துக்கொண்டிருந்த அம்மாள்.

எதனால் வந்த வேலை என்று அவளுக்கு யார் சொல்வது?

வெயில் சாயும் நேரத்தில் கடைசி மணல் வரப்பு இடிந்தது. முதலில் ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தண்ணீர் நுழைந்தது. அப்புறம் ஒரு முழம். அப்புறம் மம்மட்டிக்கு வேலையே இல்லை, கடல் தானே வெட்டிக்கொண்டு உள்ளே வந்தது. சுத்தமான, குளிர்ந்த, நுரை வைத்த தண்ணீர். பச்சைப் போர்வை அப்படியே அசைந்து, நடுவில் கிழிந்தது. அந்தக் கிழிசலில் அன்றைக்கு முதல் முறையாக வானம் தெரிந்தது. குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின. கமலா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்தேன். அவளுடைய இன்னொரு கையை யார் பிடித்திருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. கடல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பாசியை வெளியே இழுத்துப் போயிற்று. பங்குனி பிறந்தபோது படகுகள் தண்ணீரில் இறங்கிவிட்டதாகவும், வலை தூக்க ஆள் போதவில்லை என்றும் சண்முகம் சொல்லி அனுப்பினார். ஆனால் அந்தச் சாக்கடை இன்னும் அங்கேதான் விழுகிறது. எங்கள் வயல் எருவும் அடுத்த வெள்ளத்தில் போகத்தான் போகிறது. மணலும் மறுபடி மூடாது என்று யார் கண்டது? என் வீட்டுக்காரரும் மூத்தாரும் இப்போது வருகிறவர்களிடம், 'வெள்ளம் வர்ற மாசத்துல எருவை அள்ளிக் கொட்டாதீங்க, பயிரு திங்கிற அளவுக்குப் போடுங்க' என்று சொல்லிப் பார்க்கிறார்கள். சரக்கு விற்கிறவனே குறைவாக வாங்கச் சொன்னால் கேட்கிறவனுக்குச் சந்தேகம் வருகிறது. கலப்படமோ என்று மோந்து பார்க்கிறான்.

நான் இதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பொறாமைக்கு எப்போதும் ஒரே ஒரு குற்றவாளிதான் வேண்டும். அதுவும் எதிர் வீட்டில் இருந்தால் ரொம்ப வசதி. கடலுக்கு அப்படி இல்லை. அது எல்லார் வீட்டுக் கழிவையும் ஒன்றாகத்தான் வாங்கிக்கொள்கிறது, கணக்கையும் ஒன்றாகத்தான் திருப்பித் தருகிறது.

ஞானம் வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள்.

அன்றைக்குக் கிளம்பும்போது ராஜேஸ்வரி கரையில் மலை மாதிரி குவிந்திருந்த பாசியைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். "காலி லாரி ஏன் போவணும்? ஏத்துங்க" என்றாள்.

"இந்த நாத்தத்தையா அக்கா ஊருக்கு எடுத்துனு போறீங்க?" என்று சிரித்துவிட்டு நான் பஸ்ஸில் வந்தேன். குப்பத்துக்காரர்களோ, தொல்லை விட்டது என்று ஓடி ஓடி ஏற்றிக் கொடுத்தார்கள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பாசியைக் கிணற்றுத் தண்ணீரில் உப்புப் போக அலசினாள். கொல்லையில் குவித்து மக்க வைத்தாள். எங்கள் வயலிலிருந்து அங்கே போன சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது! போன வாரம் உரக்கடை வாசலில் போர்டு தொங்கியது: 'கடற்பாசி எரு கிடைக்கும்.' தென்னைக்கு நல்லது, முருங்கைக்கு நல்லது என்று சைக்கிளும் மாட்டு வண்டியுமாக ஒரே கூட்டம். கும்பாரம் கும்பாரமாக அதே பாசியை என் தலையிலும்தான் சுமந்தேன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? ஏன்? இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று எங்கள் வீட்டு முருங்கைக்கு என்று ஒரு கூடை வாங்கினேன். நானே போவேனா? கோபாலை அனுப்பி, யாருக்கு என்று சொல்லாதே என்று சொல்லித்தான் வாங்கினேன்.

கூடை வந்தது. யாருக்கு என்று தெரிந்துதான், கேட்டதற்குமேல் இரண்டு கை கொசுறு அள்ளிப் போட்டிருக்கிறாள். எவ்வளவு திமிர் பாருங்கள்!